கையில் ரூ.18,000, சுவாமிமலைச் சிலைப் பட்டறை: என்ன கேமரா வாங்கலாம்?

காவிரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறேன். கேமராவுக்குப் புதியவன். என்னோடு பள்ளியில் படித்த தோழன் ஒருவனின் குடும்பம் சுவாமிமலையில் பரம்பரையாகப் பஞ்சலோகச் சிலை வார்க்கிறது. அவன் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மெழுகில் உருவம் பிடிப்பது, காவிரி வண்டல் மண்ணைக் குழைத்துப் பூசுவது, மெழுகை உருக்கி வடிப்பது, உலை, வார்ப்பு, மண்கூட்டை உடைப்பது, கடைசியில் உளி வேலை என்று ஒரு சிலை உருவாகிற எல்லாக் கட்டத்தையும் படமெடுத்து வைக்க வேண்டும். அவர் கைகள் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். வீட்டிலும் பட்டறையிலும் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

இப்போது என்னிடம் இருப்பது மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய சாதாரண ஆண்ட்ராய்டு போன். அதில் எடுத்தால் உலை வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறது, பக்கத்தில் நிற்பவர் முகம் கரியாக வருகிறது, மெழுகு உருட்டும் விரல்கள் கலங்கிப் போகின்றன. கேமராவுக்கென்று ரூ.18,000 சேர்த்து வைத்திருக்கிறேன். மாதத் தவணையில் வாங்க விருப்பமில்லை. புதிதா, பழையதா, எந்த லென்ஸ்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குருவிநோக்கி எழுதியது:

அந்தப் பணத்துக்குப் புது டி.எஸ்.எல்.ஆரையோ மிரர்லெஸ்ஸையோ (இரண்டும் லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்கள்) தேடாதீர்கள், கிடைக்காது. பழையதில் நல்லது கிடைக்கும். நிக்கான் டி3200 2012ல் வந்தது, 24 மெகாபிக்சல். கேனன் 700டி 2013, கேனன் 1200டி 2014, இரண்டுமே 18 மெகாபிக்சல். மூன்றிலும் நீங்கள் கேட்கிற வேலை நடக்கும். பத்து வருடம் தாண்டிய கேமரா என்று யோசிக்க வேண்டாம். வெளிச்சத்தைப் பிடிக்கிற விதத்தில் அதற்குப் பிறகு வந்த ஆரம்பநிலை கேமராக்கள் ஒன்றும் பெரிதாக முன்னேறிவிடவில்லை. வீடியோவும் ஃபோகஸ் வேகமும்தான் மாறின.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா) மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள். கூடவே வரும் 18-55 லென்ஸ் பகல் வெளிச்சத்துக்குச் சரி, பட்டறைக்குள் திணறும். அதன் நீண்ட முனையில் வெளிச்சம் நுழையும் துளை எஃப்5.6தான்; எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். எஃப்1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஷட்டர் 1/15 நொடி திறந்திருந்தபோது கலங்கிய விரல், 1/125க்கு மேல் வேகமானால் நின்றுவிடும்.


தெருவோரம் எழுதியது:

தம்பி, மதுரையிலிருந்து எழுதுகிறேன். மாறுபட்ட கருத்து. இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். உங்கள் போனில் ப்ரோ மோட் (எல்லாவற்றையும் கையால் அமைக்கும் முறை) இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியைப் போடுங்கள். பெரும்பாலான போன்களில் ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்), ஷட்டர், வெள்ளைச் சமநிலை (நிறத் திருத்தம்) மூன்றையும் அதில் கையால் மாற்றலாம். உங்கள் உலை வெள்ளைத் திட்டாக வருவதற்குக் காரணம், போன் இருட்டான சுவரைப் பார்த்துவிட்டு மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்குவது. திரையில் உலையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நான் சித்திரைத் திருவிழாவை வருடாவருடம் போனில்தான் எடுக்கிறேன். கூட்டத்துக்குள் கேமராவை நீட்டினால் ஜனங்கள் விறைத்துக்கொள்கிறார்கள். போனைக் கண்டால் யாரும் கவலைப்படுவதில்லை. எழுபது வயதுப் பெரியவர் முன் கறுப்பு கேமராவை நீட்டினால் அவரும் வேலையை நிறுத்திவிட்டு நேராக உட்கார்ந்துகொள்வார். முதலில் நாலைந்து மாதம் போனிலேயே பழகுங்கள், பணம் எங்கும் ஓடிவிடாது.


குருவிநோக்கி எழுதியது:

அக்கா, திருவிழா பகலில் நீங்கள் சொல்வது நூறு சதவீதம் சரி. பட்டறை வேறு. நான் சொன்ன கேமராக்களில் உள்ள ஏ.பி.எஸ்.-சி. சென்சார் (படம் பதியும் சில்லு) ஏறக்குறைய 24க்கு 16 மில்லிமீட்டர். நடுத்தரப் போனின் சென்சார் 6.4க்கு 4.8 அளவில் இருக்கும். பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். போன் இந்தக் குறையைப் பல படங்களை அடுக்கி ஒன்றாக்கிச் சரிக்கட்டுகிறது. அசையாத கட்டடத்துக்கு அது அற்புதமாக வேலை செய்யும். விரல் அசைந்தால் அடுக்குவது பொருந்தாமல் மெழுகுபோல வழுவழுப்பாகிவிடும். அவர் சொல்வதே அதுதான்.

பெரியவர் விறைத்துக்கொள்வார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வழி அடிக்கடி போய் உட்கார்ந்திருப்பதுதான். இவருக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது.


பழைய நெகட்டிவ் எழுதியது:

தம்பி, நான் திருச்சியில் ஸ்டூடியோ வைத்திருந்தவன். ஃபிலிம் காலத்திலிருந்து இந்தத் தொழில். கேமரா எது என்று கேட்டீர்கள், நான் பட்டறையைப் பற்றிக் கேட்கிறேன். வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது? கூரை ஓடா, தகரமா? ஜன்னல் இருக்கிறதா? பெரியவர் மெழுகு வேலை செய்ய எங்கே உட்காருகிறார்? விளக்கு என்ன? இதற்குப் பதில் சொன்னால் உங்களுக்குச் சேர வேண்டிய வெளிச்சத்தில் பாதியைக் காசில்லாமல் வாங்கித் தந்துவிடுவேன்.

இன்னொன்று. டி.வி. பெட்டிக்குள் வரும் தெர்மாகோல் அட்டை வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி இருந்தால் போதும்.


காவிரிக்கரை எழுதியது:

ஐயா, வாசல் கிழக்குப் பார்த்தது. அகலம் நான்கு அடி இருக்கும். உள்ளே போனால் நீளமான கூடம், ஓட்டுக் கூரை. இடது சுவரில் சின்ன ஜன்னல். அவர் மெழுகு வேலைக்கு வாசலுக்குப் பக்கமாக, வாசல் வெளிச்சம் அவருடைய வலது பக்கம் விழுகிற மாதிரி பலகை போட்டு உட்காருவார். தலைக்கு மேல் பழைய டியூப்லைட் எப்போதும் எரியும். உலை பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே. அங்கே மூன்று பக்கம் திறந்திருக்கிறது.


பழைய நெகட்டிவ் எழுதியது:

அந்த மனிதர் ஐம்பது வருடமாக வெளிச்சம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்ததை நீங்கள் கெடுக்காமல் இருந்தால் போதும்.

முதல் வேலை, அவரிடம் கேட்டு டியூப்லைட்டை அணையுங்கள். காரணம் இரண்டு. வாசல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப் வெளிச்சம் ஒரு நிறம். இரண்டும் கலந்தால் முகத்தில் ஒரு பாதி பச்சை தட்டும், கம்ப்யூட்டரில் எவ்வளவு இழுத்தாலும் சரியாக வராது. அடுத்தது, பழைய சோக் வைத்த டியூப் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். ஷட்டரை 1/250 என்று வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும், சில நேரம் குறுக்கே பட்டையோடும் வரும். அணைக்க முடியாத நேரத்தில் 1/100 அல்லது 1/50ல் நிற்க வேண்டும். போனுக்கும் இதே விதிதான்.

வாசல் வெளிச்சம் வலது கன்னத்தில் விழுகிறது, இடது கன்னம் இருட்டு. அந்த இருட்டுப் பக்கத்தில், படச் சட்டத்துக்குச் சற்று வெளியே, தெர்மாகோலைச் சாய்த்து வையுங்கள். சுவரில் சாய்த்தால் போதும், யாரும் பிடிக்க வேண்டியதில்லை. முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். கண்குழியில் கறுப்பு விலகி, சுருக்கமும் ரோமமும் தெரிய ஆரம்பிக்கும் தூரம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் நெருக்கினால் முகம் தட்டையாகிவிடும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். கேமராவில் உள்ள குட்டி ஃப்ளாஷ் வெண்கலத்தில் பட்டால் ஒரு வெள்ளைப் பொட்டு, பின்னால் ஒரு கறுப்பு நிழல். அவ்வளவுதான் கிடைக்கும்.

நேரம்: காலை ஏழு, ஏழரைக்கு வெயில் நேராக உள்ளே அடிக்கும், கடுமையாக இருக்கும். ஒன்பதரை, பத்துக்குமேல் வெயில் வாசற்படியோடு நின்றுவிடும். அப்போது வாசல் முழுதும் ஒரு பெரிய மிருதுவான விளக்கு மாதிரி ஆகும். உங்கள் படம் அங்கே இருக்கிறது.


லென்ஸ் பெட்டி எழுதியது:

இந்தக் கூடத்தைப் பற்றிக் கேட்டபிறகு லென்ஸ் பற்றி உறுதியாகச் சொல்ல முடிகிறது. எல்லாரும் "ஐம்பது எம்.எம். எஃப்1.8 வாங்கு" என்பார்கள். விலை குறைவு, தரம் நல்லது, உண்மைதான். ஆனால் பழைய ஃபிலிம் சட்டத்தைவிடச் சின்னதான இந்த சென்சாரில் 50 எம்.எம். ஏறக்குறைய 75-80 மாதிரி நெருக்கிக் காட்டும். உட்கார்ந்திருக்கும் பெரியவரின் முகம், கை, பலகை மூன்றும் சட்டத்துக்குள் வர நீங்கள் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கூடத்தில் சுவர் முட்டும்.

உங்களுக்குத் தேவை 35 எம்.எம். நிக்கானில் டி.எக்ஸ். 35 எஃப்1.8ஜி என்று ஒரு லென்ஸ் 2009லிருந்து இருக்கிறது. சின்னது, கனமில்லை, பழையதாகத் தேடினால் கிடைக்கும். கேனனில் இந்த விலையில் இதற்கு நேர் இணை கிடையாது. 24 எம்.எம். எஃப்2.8 நல்ல லென்ஸ்தான், ஆனால் ஒன்றேகால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சம் குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் விஷயத்தில் நிக்கான் என்கிறேன். வேறொருவர் கேட்டிருந்தால் கேனன் சொல்லியிருப்பேன்.

நிக்கானில் ஒரு குழி இருக்கிறது, கவனம். டி3200, டி5200 போன்ற பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸ் பெயரில் ஏ.எஃப்-எஸ் என்று இருந்தால் லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உண்டு, ஓடும். வெறும் ஏ.எஃப். என்று போட்டு கடைசியில் டி என்று முடியும் பழைய லென்ஸ்கள் சல்லிசாகக் கிடைக்கும். மாட்டலாம், ஆனால் ஆட்டோஃபோகஸ் ஆகாது. அது வேண்டுமென்றால் டி90 அல்லது டி7000 பாடி வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. கடையிலேயே ஒரு ஜேபெக் எடுத்து, போனில் அல்லது லேப்டாப்பில் அந்த ஃபைலைத் திறந்து ஷட்டர் எண்ணிக்கை பாருங்கள். நிக்கான் அதை ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்கும். டி3200 ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. முப்பது, நாற்பதாயிரம் என்றால் தாராளமாக வாங்கலாம். (கேனனில் பெரும்பாலும் இந்த எண் ஃபைலில் இருக்காது.) லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி, பனிப்பூ மாதிரி கிளைத்துத் தெரிந்தால் ஃபங்கஸ். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். நாலு தூசி தெரிந்தால் பரவாயில்லை, படத்தில் வராது.

பிறகு துளையை எஃப்16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்குங்கள், சென்சார் கறை தெரியும். பேட்டரி உப்பியிருக்கிறதா, கழற்றும்போது பிடிக்கிறதா பாருங்கள். பாடி எண் பழைய பில்லோடு பொருந்த வேண்டும். பில் இல்லை என்றால் விற்பவரின் அடையாளச் சான்று நகலாவது வாங்கிக்கொள்ளுங்கள்.


உலைக்கூடம் எழுதியது:

கோவையில் ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறேன். கேமரா பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வார்ப்பு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் படமெடுக்க வருகிறவர்கள் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே கால் வைக்கிறார்கள்.

உருகிய உலோகம் ஆயிரம் டிகிரிக்கு மேல் இருக்கும். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் ஒரு நொடியில் ஆவியாகி உலோகத்தை வெளியே தெறிக்கவிடும். அதனால்தான் மண்கூட்டை அவ்வளவு நேரம் சுட்டு எடுக்கிறார்கள். மூசை (உலோகம் உருக்கும் பாத்திரம்) தூக்குகிறவர்கள் நடக்கும் பாதையை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பாதையில் எப்போதும் நிற்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் ஒதுங்க இடம் இருக்க வேண்டும். பாலியஸ்டர் சட்டை வேண்டாம், உருகி ஒட்டும். பருத்திச் சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய ஷூ. செருப்போடு பின்கட்டுக்குப் போகவே போகாதீர்கள். தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அருகே நிற்காதீர்கள். மூசை கையில் இருக்கும்போது அவர்களிடம் பேசக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.


குருவிநோக்கி எழுதியது:

உலைக்கூடம் அண்ணனுக்கு நன்றி. இதை யாரும் சொல்வதில்லை.

வார்ப்பைத் தூரத்தில் நின்று எடுப்பதற்கான அமைப்பு: மேனுவல் மோட், ஐ.எஸ்.ஓ. 800, எஃப்2.8, 1/250. இங்கிருந்து ஆரம்பியுங்கள். திரையில் படம் இருட்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) இருட்டைத் தூக்கலாம், எரிந்துபோன வெள்ளையை மீட்க முடியாது. ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் பக்கத்தை மெனுவில் போட்டுக்கொள்ளுங்கள். உருகிய உலோகத்தில் முதலில் முட்டுவது சிவப்புதான். மொத்த வரைபடம் "சரி" என்று சொல்லும்போதே சிவப்பு போயிருக்கும், அப்போது ஆரஞ்சு ஓடை தட்டையான மஞ்சள் நாடாவாகிவிடும்.

ஃபோகஸ் அந்த ஒளியில் தடுமாறும். வார்ப்பதற்கு முன்பே அச்சின் வாய்மேல் ஃபோகஸ் செய்து, லென்ஸ் பக்கத்திலுள்ள விசையை எம்முக்கு (கையால் ஃபோகஸ்) தள்ளிவிடுங்கள். அதற்கப்புறம் நீங்கள் முன்னே பின்னே நகரக் கூடாது.

பெரியவர் மெழுகு வேலைக்கு வேறு அமைப்பு. ஏ மோட் (துளையை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), எஃப்2.5, ஆட்டோ ஐ.எஸ்.ஓ. உச்சம் 3200, குறைந்தபட்ச ஷட்டர் 1/125. நடு ஃபோகஸ் புள்ளி மட்டும். டி3200ல் உள்ள 11 புள்ளிகளில் மங்கலில் நம்பக்கூடியது அதுதான்.


தெருவோரம் எழுதியது:

சரி, கேமரா வாங்கத்தான் போகிறார் என்று தெரிகிறது. என் ஓட்டு தோற்றுவிட்டது, வருத்தமில்லை. ஆனால் படம் எடுப்பதற்கு முன் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது.

கோயிலுக்கென்று ஆர்டர் கொடுத்த சிலையை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கண் திறப்பது என்பது அவர்களுக்குச் சடங்கு. அதை எடுக்கலாமா என்று தனியாகக் கேளுங்கள், வேண்டாம் என்றால் கேமராவைப் பைக்குள் வையுங்கள். எந்தப் படம் வெளியே போகலாம், எது வீட்டோடு இருக்க வேண்டும் என்பதையும் பெரியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தோழன் சொன்னான் என்பது போதாது. பட்டறையில் உட்கார்ந்து மண் பிசைகிற மற்றவர்களுக்கும் முகம் உண்டு, அவர்களையும் கேட்க வேண்டும். சமூக வலைத்தளத்தில் "அழிந்துவரும் கலை" என்று தலைப்புப் போட்டு அவர்களைப் பாவப்பட்டவர்களாகக் காட்டிவிடாதீர்கள், இது என் தனிப்பட்ட வேண்டுகோள். சுவாமிமலை வெண்கலச் சிலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆர்டர் இருக்கிறது, பெருமையாக வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.


பழைய நெகட்டிவ் எழுதியது:

அம்மா சொன்னது முக்கியமான பேச்சு.

தம்பிக்கு ஒரு விஷயம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, தஞ்சைப் பெரிய கோயிலில், லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858ல் படமெடுத்தார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ் காலம். விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கியிருக்கிறார். கருவி என்று பார்த்தால் இன்றைய மிக மலிவான போன்கூட அதைவிட ஆயிரம் மடங்கு வசதி. அந்த ஆள் செய்தது என்னவென்றால், ஒரே சுவரை அடி அடியாக நகர்ந்து முடித்தது. நீங்களும் கும்பகோணம் முழுக்கச் சுற்றாதீர்கள். மகாமகக் குளம், தாராசுரம் எல்லாம் அப்புறம். அந்த ஒரு கூடத்தை முடியுங்கள்.

மாதம் பத்துப் படம் தேர்ந்தெடுத்து லேபில் நாலுக்கு ஆறு பிரிண்ட் போடுங்கள். திரையில் நன்றாகத் தெரிவது காகிதத்தில் கறுத்துப் போகும். அங்கேதான் வெளிச்சம் எங்கே போதவில்லை என்று புரியும்.


காவிரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கொஞ்ச நாள் எழுதவில்லை, தீபாவளி சீசன், கடையில் மூச்சுவிட நேரமில்லை.

வாங்கிவிட்டேன். திருச்சியில் ஒருவர் மிரர்லெஸ்ஸுக்கு மாறியதால் டி3200 பாடியை ரூ.9,000க்குக் கொடுத்தார். ஷட்டர் 22 ஆயிரத்துச் சொச்சம். 35 எம்.எம். லென்ஸ் வேறொருவரிடம் ரூ.6,800. டார்ச் அடித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. 18-55 லென்ஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மிச்சத்தில் மெமரி கார்டு, கழுத்துப் பட்டை, காற்றுப் புகாத டப்பா.

மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். முதலாவது, பெரியவர் மெழுகை நூல் மாதிரி உருட்டி அம்மன் இடுப்பில் மேகலையாக ஒட்டுவது. டியூப்லைட்டை அணைக்கச் சொன்னபோது சிரித்தார். "எனக்கும் அதுதான் பிடிக்கும், பசங்களுக்காகப் போட்டு வைக்கிறேன்" என்றார். இரண்டாவது, மண் பூசிய அச்சுகள் வெயிலில் காய்வது. மூன்றாவது வார்ப்பு. கடுமையாக விமரிசியுங்கள்.


குருவிநோக்கி எழுதியது:

முதல் படம் மிக நன்றாக வந்திருக்கிறது. நகக்கண்ணில் மெழுகு ஒட்டியிருப்பதும், கட்டைவிரல் ரேகை மெழுகில் பதிவதும் தெரிகிறது. கண்ணிமை கொஞ்சம் ஃபோகஸில் இல்லை, ஆனால் இங்கே விரல்தான் பேசுகிறது, அதனால் சரி. எஃப்1.8ல் எடுத்திருக்கிறீர்கள். இவ்வளவு அருகில் எஃப்2.8 போட்டிருந்தால் விரலோடு அம்மன் முகமும் தெளிந்திருக்கும். ஐ.எஸ்.ஓ. கொஞ்சம் ஏறும், ஏறட்டும். புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பிரிண்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இரண்டாவது படம் நடுப்பகலில் எடுத்தது. அச்சுகள் எல்லாம் ஒரே மாதிரி மண் கட்டியாகத் தெரிகின்றன. இதையே சாயங்காலம் நாலரைக்கு மேல் பக்கவாட்டு வெயிலில் எடுத்தால், சுற்றியிருக்கும் கம்பிக் கட்டும் மண்ணில் விரல் தடவிய வரியும் எழுந்து நிற்கும்.

வார்ப்புப் படத்தில் ஓடையின் நிறம் பிழைத்துவிட்டது, சந்தோஷம். பின்னணியில் நீல பிளாஸ்டிக் நாற்காலியும் காலண்டரும் கண்ணை இழுக்கின்றன. அடுத்த முறை ஆரம்பிக்கும் முன்பே நாற்காலியை எடுத்துவிடுங்கள்.


தெருவோரம் எழுதியது:

நாற்காலியை எடுக்காதீர்கள்! அந்த நாற்காலியில்தான் பெரியவர் மதியம் உட்கார்ந்து டீ குடிப்பார். காலண்டரில் இந்த வருடம் தெரிகிறது. இருபது வருடம் கழித்து அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்க்கும்போது முதலில் தேடுவது இதையெல்லாம்தான். பிளாஸ்டிக்கை எல்லாம் ஒதுக்கிவிட்டு எடுத்தால் சோழர் காலத்துப் பட்டறை மாதிரி காட்டலாம். ஆனால் அது இந்தப் பட்டறை ஆகாது.


பழைய நெகட்டிவ் எழுதியது:

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாற்காலி இருக்கட்டும், ஆனால் அது மூசைக்கு நேர் பின்னால் வரக் கூடாது. தம்பி இடது பக்கம் ஒரு எட்டு வைத்து நின்றிருந்தால் நாற்காலி ஓரத்துக்குப் போயிருக்கும், மூசைக்குப் பின்னால் இருட்டு வந்திருக்கும், ஓடை இன்னும் பளிச்சென்று தெரிந்திருக்கும். பொருளை நகர்த்துவதைவிட நாம் நகர்வது மேல். உலைக்கூடம் சொன்ன பாதையைக் கேட்டுக்கொண்டு நகருங்கள்.

மூன்று படமும் ஒரே தூரத்தில் எடுத்த மாதிரி இருக்கிறது. 35 ஒன்றே லென்ஸ் என்றால் கால்தான் ஜூம். கூடம் முழுதும் தெரிகிற மாதிரி வாசலுக்கு வெளியே நின்று ஒன்று, இடுப்பளவில் ஒன்று, விரலும் உளியும் மட்டும் ஒன்று என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று தூரம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரிசையாக அடுக்கும்போது இதன் அருமை தெரியும்.


காவிரிக்கரை எழுதியது:

புரிகிறது ஐயா. அந்த இடது பக்க இடத்தில் நிற்கலாம் என்று தோழனும் சொன்னான், பாதைக்கு வெளியேதான் இருக்கிறது.

இரண்டு சந்தேகம். என் லேப்டாப் பழையது, 4 ஜிபி ரேம். ரா ஃபைலைத் திருத்த டார்க்டேபிள் என்ற மென்பொருள் போட்டேன், ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அப்புறம், உளி வேலை நடக்கும் இடத்தில் அரத்தூள் பறக்கிறது. கேமராவுக்குக் கேடு வருமா?


லென்ஸ் பெட்டி எழுதியது:

டார்க்டேபிளுக்கு அந்த ரேம் குறைவு. ராதெரப்பி போட்டுப் பாருங்கள், அதுவும் இலவசம், ஓரளவு தாங்கும். அதுவும் இழுத்தால் கேமராவிலேயே ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். இப்போது ஜேபெக்கை வைத்து வேலை பாருங்கள், ரா ஃபைல் பத்திரமாகக் கிடக்கட்டும். நல்ல கம்ப்யூட்டர் வரும்போது திறக்கலாம். ஃபைல்களை இரண்டு இடத்தில் வையுங்கள், லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. அந்த டிஸ்க்கைத் தோழன் வீட்டில் கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

அரத்தூள் கேடுதான். உலோகத்தூள் லென்ஸ் வளையத்துக்குள் போனால் நறநறக்கும். பட்டறைக்குள் லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஒரே லென்ஸ் என்பது இங்கே உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. தெளிவான பாலித்தீன் பையில் லென்ஸ் வாய்க்கு மட்டும் ஓட்டை போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். முன்கண்ணாடியைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், முதலில் ஊது பந்தால் ஊதிவிட்டு அப்புறம் மைக்ரோஃபைபர் துணி.

டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட்டீர்களா? காவிரிக்கரை ஈரம், ஐப்பசி கார்த்திகை மழை, இரண்டும் சேர்ந்தால் ஃபங்கஸுக்குக் கொண்டாட்டம். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். ஆனால் அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது, நீல நிறத்துக்குச் சேர்க்கும் கோபால்ட் உப்பு விஷம். ஆரஞ்சு நிற ஜெல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஈரமானி ஒன்று உள்ளே வைத்து 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பவும் காய்ந்தாலும் ரப்பருக்கு ஆகாது. எல்லாவற்றையும்விட, லென்ஸை வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். பூட்டி வைத்த லென்ஸில்தான் ஃபங்கஸ் முதலில் வரும்.


காவிரிக்கரை எழுதியது:

ஆரஞ்சு ஜெல்லே வாங்கிவிடுகிறேன். பத்துப் படம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மேகலைப் படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். வார்ப்புப் படத்தைக் காட்டி, "மூசையைச் சாய்க்கிறவன் முகம் தெரியவில்லையே, அவன்தானே அன்றைக்கு வேலை செய்தவன்" என்றார். அடுத்த வார்ப்பு தை பிறந்த பிறகு. அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தேன், அவரிடம் சம்மதமும் வாங்கிவிட்டேன். அந்த இடது பக்க இடத்திலிருந்து முகத்துக்கு வெளிச்சம் போதுமா என்று வெறும் மூசையை வைத்துத் தோழனை நிற்கச் சொல்லிச் சோதித்துப் பார்க்கப் போகிறேன். தெர்மாகோல் உலைக்கு அருகே ஆகாது, வேறு என்ன வைக்கலாம்?


உலைக்கூடம் எழுதியது:

தெர்மாகோல் உருகிப் பற்றிக்கொள்ளும், கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பழைய அலுமினியத் தகடு அல்லது வெள்ளை பெயின்ட் அடித்த தகரத்தைத் தூணில் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். காற்றில் ஆடாமல், ஆட்கள் நடக்கும் பாதைக்கு வெளியே. கட்டியபிறகு மூசை தூக்குகிறவர்களை ஒருமுறை வெறுங்கையோடு நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தகட்டின் பளபளப்பு அவர்கள் கண்ணில் அடித்தால், படம் போனாலும் பரவாயில்லை என்று கழற்றிவிடுங்கள்.